பெர்மெஸ்ஸோவும் றால் வடையும்

இண்டைக்குக் காலமை என்ரை பெர்மெஸ்ஸோ, அதுதான் இத்தாலியிலை இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிச்சுக் கிடைச்சிட்டுது. இனி வேலை போகாது. அந்தச் சந்தோசத்திலை இன்ரநெற் கடைக்கு வந்து எழுதுறன்.

எங்கடை அல்பெர்கேரியாப் பகுதியிலை யூத ஆக்கள் நடத்திற உதவி நிலையம் தெரியும்தானே? அங்கை வேலை செய்யிற சிஞ்ஞோரா அம்மாதான் மூண்டு தரம் என்னோடை குவெஸ்தூராவுக்கு, அந்தப் பொலிஸ் கந்தோருக்கு, வந்து வரிசையிலை நிண்டவ. நான் என்ன சமயமெண்டு அவ ஒருக்காலும் கேக்கேல்லை.

நன்றிக்கு என்ரை மனுசி றால் வடை சுட்டுத் தந்தவ. கொண்டுபோய் மேசையிலை வைச்சன்.

"உள்ளுக்கை என்ன?" எண்டா சிஞ்ஞோரா.

"றால்."

சிரிச்சா. "எங்கடை சமயத்திலை அது சாப்பிடக்கூடாது."

எனக்கு வெக்கமாப் போச்சு. நாங்கள் வெள்ளிக்கிழமையிலை மட்டும்தான் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. றாலெண்டால் அவவுக்கு ஏழு நாளும் வெள்ளி!

வடையை வாசல்லை காத்திருந்த ஆக்களுக்குக் குடுத்திட்டுச் சொன்னா: "நன்றி சொல்லவேணுமெண்டால் வியாழன் பின்னேரங்களிலை வாங்கோ. புதுசா வாற தமிழாக்களுக்கு இத்தாலியனிலை கதைச்சுக் குடுங்கோ."

ஓம் எண்டிட்டன். வீட்டுவேலை செய்யிற எங்களுக்கு ஒரேயொரு அரைநாள் லீவு வியாழன் பின்னேரம்தான்; அதுவும் போச்சு, பரவாயில்லை.

பேப்பர் பிரச்சினை இருக்கிற ஆக்கள் வியாழன் வாங்கோ. நன்றிக்கு றால் வடையே கொண்டுவாங்கோ. மேசைக்கு அந்தப் பக்கத்திலை அதைச் சாப்பிடக்கூடிய ஆள் இனி நான் ஒராள்தான்.