கூட்டமில்லாத கோயில்

என்னோடு எம்.ஏ. படித்த தோழி போன தை மாதம் சென்னையிலிருந்து தஞ்சாவூர் வந்தாள். பெரிய கோயில் முன்னால் நின்ற பஸ்களைப் பார்த்ததுமே, "இந்தக் கூட்டம் வேணாம்பா. யாரும் போகாத இடமா காட்டு" என்றாள். நான் இங்கே ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நன்னிலம் பக்கம் வயல்களுக்கு நடுவே சோழர் காலத்துச் சிறு கோயில் ஒன்று இருப்பதாகப் படித்திருந்தேன். காரை எடுத்தேன்.

சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதிக்கு நெல் காய்ந்தது. கோயில் பூட்டியிருந்தது; சாவி எதிர்வீட்டில். அந்த வீட்டுப் பெரியவர், "வாங்கம்மா, வாங்க. இங்கெல்லாம் யாரு வர்றா?" என்று சந்தோஷமாகவே வந்து திறந்தார்.

வெளிச்சுவரில் காலில் தைத்த முள்ளை எடுக்கும் பெண்ணின் சிற்பம். அதைப் பற்றித் தோழிக்குச் சொன்னேன். அவரும் நின்று கேட்டார்.

"நல்லா சொல்றீங்க. உங்களுக்கு எந்த ஊரு?"

திருவிடைமருதூர் பக்கத்து கிராமம் என்றேன்.

"அங்க எந்தத் தெரு?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்க தாத்தா பண்ணையாளா இருந்தாரு."

அவர் முகம் பெரிதாக மாறவில்லை. தோழியிடம், "வாங்கம்மா, சன்னதி பாக்கலாம்" என்றார். பிறகு என்னிடம், "நீ போயி கார்ல இரு. வெயிலு."

"இவ்வளவு நேரம் வாங்க, சொல்றீங்கன்னுதானே பேசினீங்க? அப்படியே பேசுங்க" என்றேன்.

அவர் காதில் வாங்காமல் உள்ளே போனார். தோழி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரெண்டே நிமிஷம்" என்று அவர் பின்னால் போனாள்.

நான் காருக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் ஏறினேன். என்னைக் கண்டதும் அவர் சன்னதிக் கதவை இழுத்துப் பூட்டினார்.

"நேரமாச்சும்மா, நடை சாத்தணும்." அதையும் தோழியிடம்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் அவள், "நீ ஏதாவது ஒரு தெருவைச் சொல்லியிருக்கலாம். உள்ள சரியா பாக்கவே இல்ல" என்றாள்.

மேலே ஓட்ட முடியாமல் வண்டியை ஒரு காபிக் கடை அருகே ஓரமாக நிறுத்தினேன். காபி குடிக்கத்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

மறுநாள் அந்தச் சிற்பத்தின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். கீழே, நான் சொன்ன விளக்கம் அவள் சொன்னதுபோல. 'கூட்டமே இல்லை, அவ்வளவு அமைதி, ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள்' என்றும் எழுதியிருந்தாள். எப்படிப் போவது என்று நிறைய பேர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.