கட் சொன்ன பிறகு வந்த முகம்

இது நடந்தது. நடந்த நேரம் நள்ளிரவு அல்ல. ஒரு புதன்கிழமை முற்பகல், பதினொன்று நாற்பத்திரண்டு. இடமும் பாழடைந்த பங்களா அல்ல. குளிரூட்டிய ஒரு படத்தொகுப்பு அறை. அனுபவித்தவர் இருபத்தோரு ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருப்பவர். எல்லோரும் அவரை எடிட்டர் என்றே அழைக்கிறார்கள். மூன்று முறை அவரைச் சொல்லவைத்துக் கேட்டாகிவிட்டது. ஒரு நிமிடம்கூட முன்பின் மாறவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

படத்தில் ஒரு காட்சி. மகன் விபத்தில் இறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது, தாய் கேட்கிறாள். தாயாக நடித்தவர் முன்னாள் பள்ளி ஆசிரியை. மேடை நாடகத்தில் பேரெடுத்து, ஐம்பத்தெட்டு வயதில் சினிமாவுக்கு வந்தவர். படப்பிடிப்பில் அவருக்கு டீச்சர் என்று பெயர். அரங்கின் கடைசி வரிசைவரை எட்டிப் பழகிய முகம் அது. கேமராவோ ஒன்றரை அடியில் நின்றது. அந்தத் தூரத்தில் புருவம் சற்று ஏறினாலும், திரையில் அது ஓர் ஆள் உயரம் ஏறிவிடும்.

"டீச்சர், முகத்த ரொம்ப வேலை வாங்காதீங்க," என்றார் டைரக்டர். "கண்ணு மட்டும் போதும். மத்ததுக்கெல்லாம் லீவு குடுத்துடுங்க."

ஏழு டேக். ஏழிலும் அழுகை இருந்தது, துக்கம் இல்லை. ஏழாவதன் முடிவில் டைரக்டர் சலித்துப்போய் 'கட்' என்றார். கேமராவை நிறுத்தத் தாமதமாயிற்று. பதினொரு விநாடி. அது ஓடுவது தெரியாமல், ரிசீவரைக் கையில் பிடித்தபடியே, டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சும்மா இருந்த முகத்தில்தான் அது வந்தது.

கண் நிறையவில்லை. உதடு நடுங்கவில்லை. கன்னத்துத் தசை, பிடி விட்டதுபோல், மெல்ல இறங்கியது. அவ்வளவே. எடிட்டர் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அந்தப் பதினொரு விநாடியிலிருந்து நான்கு விநாடியை, அதாவது தொண்ணூற்றாறு பிரேம்களை, நறுக்கியெடுத்துக் காட்சியில் வைத்தார். டீச்சர் தொண்ணூற்றேழாவது பிரேமில் கண் சிமிட்டுகிறார், அதற்குள் வெட்டினார். கண் சிமிட்டினால் நினைப்பு முடிந்துவிட்டது என்று பார்ப்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். இந்தத் துக்கம் முடியக்கூடாது. தொழில் அப்படி.

இரண்டு நாள் கழித்து டப்பிங் பேச வந்த டீச்சர் காட்சியைப் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே எடிட்டரின் அறைக்கு வந்தார்.

"தம்பி, இது கட் சொன்னப்புறம் வந்ததுதானே?"

"ஆமாம்மா. பிரமாதமா வந்திருக்கு."

"இது நடிப்பில்ல. எடுத்துடுங்க."

டீச்சர் உட்காராமலே பேசினார்.

"என் மூத்தவன் பதினேழு வயசுல போயிட்டான். அன்னிக்கு வீடு நிறைய ஆளுங்க. நான் அழல. கல்லு மாதிரி நிக்கறா பாருன்னு பேசினாங்க. பேசட்டும்னு விட்டுட்டேன். இந்த முகம் அவனுக்குன்னு வச்சது, தம்பி. தனியா இருக்கறப்போதான் வரும். டிக்கெட் வாங்கிப் பாக்கறதுக்கு இல்ல."

இவ்வளவையும் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எடிட்டர் அதைக் கவனித்தார். அடக்கிக்கொள்கிறார் என்று எண்ணினார்.

"சரிம்மா. எடுத்துடறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"அட, எடுத்துடறேன்னு சொல்றேன்ல."

எடுக்கவில்லை. முதல் வாரம், நேரமில்லை என்று தமக்கே சொல்லிக்கொண்டார். இரண்டாம் வாரம், படம் வெளியானால் அவரே மகிழ்வார் என்று சொல்லிக்கொண்டார். மூன்றாம் வாரம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. இடையில் டீச்சர் இருமுறை அழைத்தார். இருமுறையும் எடிட்டர், மணி அடித்து ஓயும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்குப் படம் வெளியீட்டாளரிடம் கைமாற வேண்டும். பிறகு ஒரு பிரேமைக்கூடத் தொட முடியாது.

11:42. தனியாக உட்கார்ந்து கடைசி முறையாக அந்தக் காட்சியை ஓட்டினார்.

டீச்சர் கண் சிமிட்டினார்.

தொண்ணூறாவது பிரேமில். கை தவறியிருக்கும் என்று பத்து பிரேம் குறைத்தார். மீண்டும் ஓட்டினார்.

சிமிட்டினார். எழுபதில்.

இன்னும் இருபது குறைத்தார்.

நாற்பதில் சிமிட்டினார்.

11:51. மூல டேக்கைத் திறந்தார். அதில் எவராலும் கை வைக்க முடியாது. டைரக்டரின் குரல்: 'கட்'. பிறகு அந்தப் பதினொரு விநாடி. இப்போது அதில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. கடைசி பிரேமில் படம் நின்றது. கீழே ஓடும் எண்களும் நின்றன.

நின்ற படத்தில்... இமைகள் மூடின.

மெதுவாகத் திறந்தன.

நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஸ்பீக்கரின் விளக்கு அணைந்திருந்தது. அணைந்த ஸ்பீக்கரிலிருந்து மூச்சு வந்தது.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

11:58. படப்பிடிப்பின்போது டீச்சர் பார்த்தது லென்ஸுக்கு இடப்பக்கம். உதவி இயக்குநர் அங்கே நின்றுதான் எதிர்வசனம் படித்தார். இப்போது கருவிழி நகர்ந்தது. ஒரு நூல்... இன்னும் ஒரு நூல்...

லென்ஸுக்கு வந்தது.

இவரிடம் வந்தது.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். இல்லை. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர் பார்க்கும் பார்வை.

ஹ்ஹ்...

"எடுத்துடறேம்மா," என்றார் வாய்விட்டு.

12:07. எடுத்தார்.

அந்த இடத்தில் நான்காம் டேக்கை வைத்தார். ஸ்பீக்கர் அடங்கியது. ஏசியின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. டீச்சருக்குச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தார். இப்போதுதான் எடுத்தேன் என்றால், இதுவரை எடுக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். போனைக் கவிழ்த்து வைத்தார்.

12:24. டைரக்டர் வந்தார். காட்சியைப் பார்த்தார்.

"என்னண்ணே இது? அந்த மூஞ்சி எங்க?"

"அந்தம்மா வேண்டாம்னு சொன்னாங்க."

"எப்ப?"

"மூணு வாரம் முந்தி."

டைரக்டர் சிரித்தார். "மூணு வாரமா வராத மனசாட்சி, டெலிவரி அன்னிக்கா வழி கேட்டு வந்துச்சு? அந்த நாலு செகண்டுதான்ணே படம். மீதி ரெண்டு மணி நேரமும் அதுக்குப் பக்கவாத்தியம்."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் பேசிக்கறேன் அவங்ககிட்ட. பழி என் மேல. நீங்க வைங்க."

பழியை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்ததும் கை தானாக நகர்ந்தது. இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் எடிட்டர் எதிரிலிருப்பவரைப் பார்ப்பதில்லை.

12:31. தொண்ணூற்றாறு பிரேமையும் முழுதாகத் திருப்பி வைத்தார்.

ஓட்டினார்கள். சிமிட்டல் இல்லை. பார்வை இடப்பக்கம். எல்லாம் ஒழுங்கு.

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஏதாச்சும் செஞ்சீங்களா? முன்னவிட நல்லா இருக்கு."

மூன்று மணிக்குப் படம் போயிற்று.

ஐந்தரைக்கு டீச்சரின் மகள் அழைத்தாள். அம்மா இறந்துவிட்டார் என்றாள். எடிட்டர் உடனே கிளம்பிப் போனார். உள்ளே போகக் கால் வரவில்லை, வாசலிலேயே நின்றார். மகள் வெளியே வந்தாள்.

"மூணு வாரமா அம்மா முகம் அசையவே இல்ல சார். சிரிப்பு, அழுகை, ஒண்ணுமில்ல. பேச்சு மட்டும் வரும். டாக்டருங்க பாத்துட்டு, நரம்பெல்லாம் சரியாத்தான் இருக்குங்கறாங்க."

"எப்ப ஆரம்பிச்சது?"

"டப்பிங்குக்கு ரெண்டு நாள் முந்தி. செவ்வாய்க்கிழமை சாயந்திரம்."

எடிட்டர் அந்த நான்கு விநாடியை நறுக்கியெடுத்ததும் அதே மாலைதான்.

"ஆனா இன்னிக்கு மத்தியானம் அழுதாங்க. எங்க அண்ணன் பேரச் சொல்லிச் சொல்லி... பாக்கவே நல்லா இருந்துச்சு சார். நானும் கூட உக்காந்து அழுதேன். முகம் அசைஞ்சா வீடியோ எடுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். உடனே போன்ல எடுத்தேன். பன்னெண்டு ஏழு."



"எவ்வளவு நேரம்... அழுதாங்க?"

"வீடியோ இருபத்துநாலு நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் அழுதாங்க. அப்புறம் யாரோ கட் சொன்ன மாதிரி முகம் நின்னுது. மூச்சும் நின்னுது."

ஏழோடு இருபத்துநாலைக் கூட்டிப் பார்க்கும் தைரியம் அவருக்கு இன்றுவரை வரவில்லை.