சாமைக் களமான துரை பங்களா

ஜவ்வாது மலையில் நான் முன்பு வேலை பார்த்த பழைய துரை பங்களாவைப் புதுப்பித்துக் கலை அரங்கமாகத் திறந்திருக்கிறார்கள். அங்கே நாட்டிய நிகழ்ச்சி என்று மருமகள் என்னைக் காரில் அழைத்துப் போனாள். மலை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொண்டேன். ஓரிடத்தில் டயருக்கடியில் ஏதோ சரசரத்தது. "ஒண்ணுமில்ல அத்தை, வைக்கோல்" என்றாள்.

ஹால் வாசலுக்கு வந்ததும் என் கால் தானாகச் செருப்பை உதறியது. காவலுக்கு நின்ற உள்ளூர் இளைஞன், "கழட்டத் தேவல்லமா, போட்டுக்கினே போங்க" என்றான். நான் கேட்கவில்லை. வெகுநாள் பழக்கம் என்றும் சொல்ல முடியாது, அது ஒரே ஓர் ஐப்பசியில் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் புது நர்ஸாக அங்கே போனேன். பங்களாவின் பின்கட்டில் ஓர் அறைதான் மருந்தகம், அதுவே என் வீடும். முன்பக்கத்துப் பெரிய ஹால் வவ்வால் நாற்றத்தோடு பூட்டிக் கிடக்கும். ஏதோ ஒரு துரை விருந்து வைத்து ஆடிய இடமாம். அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கையில் எனக்கும் கொஞ்சம் துரைசானி நினைப்பு வரும், சிரிக்காதீர்கள்.

அந்த ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மா என் வயதுக்காரி. அவளும் புருஷனும் அறுத்து வைத்த சாமைக் கட்டுகள் ஈரத்தில் சூடேறி, புளித்த வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் முளைத்துவிடும். அந்த வருஷம் முழுக்க அவர்களுக்கு அதுதான் சோறு.

"ஹால தொறந்து வுடுங்க நர்சம்மா. வேற இன்னா பண்றதுன்னு தெரியல" என்றாள்.

திறந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை, இந்த மழையில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான்.

அவள் கூட்டிப் பெருக்கி, மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து அருகம்புல் செருகினாள். துரை குளிர்காயக் கட்டிய கணப்பில் விறகை மூட்டிக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பினாள். திறந்துவிட்ட பெருமையில் நான் செருப்போடு உள்ளே போனேன்.

"வெளிய வுட்டுட்டு வாங்க. களம் இது."

முந்தின நாள் வரை அது ஹால். பிள்ளையார் வந்து உட்கார்ந்ததும் களம். அசடு வழியத் திரும்பிப் போய்க் கழற்றினேன்.

காய்ந்த கதிரைக் கோலால் அடித்துக்கொண்டிருந்த அன்று, பங்களாவைப் பார்வையிட ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். என் வேலை போனால் போகட்டும், சாமையை மழையில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டால்? அவர் முகம் சிவக்க, வாசல்படியில் ஒரு காலை வைத்தார்.

காளியம்மா கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஷூவ கழட்டிட்டு வாங்க சார். களத்துல செருப்பு ஆவாது" என்றாள். பயமும் இல்லை, திமிரும் இல்லை, என்னிடம் சொன்ன அதே குரல்.

என்ன நினைத்தாரோ, படியில் உட்கார்ந்து மெதுவாகக் கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சாமைத் தாளின் மேல் வந்து நின்றார். அந்தக் கோலத்தில் யாரைப் போய் அதட்டுவது? ஒரு பிடி சாமையை அள்ளி மோந்து பார்த்தார். "காய்ஞ்சதும் எடுத்துட்டு ஹால சுத்தம் பண்ணிடுங்க" என்றார். போகும்போது பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று காளியம்மா வீட்டில் சாப்பிட்ட புதுச் சாமைச் சோறு இன்னும் நாக்கில் இருக்கிறது.

நாட்டியம் நன்றாகத்தான் இருந்தது. கோல் பட்ட வடுக்களையெல்லாம் தேய்த்துத் தரையைப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். கணப்புக்குள் கலர் பல்பு எரிந்தது. காளியம்மா இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாளாம். வெளியே வந்து காவல்கார இளைஞனிடம், "இப்ப ஊர்ல களம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"களமா? ரோட்டு மேலயே போட்டுர்றாங்கமா. வண்டிங்க ஏறி ஏறி அதுவே உதுந்துடும்."

இறங்கும்போது நான் கண்ணை மூடவில்லை. வரும்போது டயருக்கடியில் சரசரத்த இடம் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, சாமையைத் தாண்டும்வரை சாலை ஓரமாக நடந்தேன். மருமகள் வண்டியை அதன்மேல் ஓட்டி வந்து எனக்காகக் காத்து நின்றாள். வேறு பாதை இல்லை.