முன்னால் இழுத்திருந்த சீட்டு

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி, என் அம்பாசிடர் புளியமரத்தில் மோதி அப்பளமாக நொறுங்கியது.

"நான்தான் ஓட்டுனேன் மாமா. மாடு குறுக்க வந்துடுச்சு" என்றான் என் மனைவியின் தம்பி.

நான் நம்பவில்லை. வாயை ஊதச் சொன்னேன், வாடை இல்லை. பௌர்ணமி அல்லாத நாளில் காலியாகக் கிடக்கும் அந்த ரோட்டில் இவனுக்கு என்ன வேலை? அன்றைக்கே என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தாள். கார் போன எரிச்சலில் அவளை நான் சரியாக விசாரிக்கக்கூட இல்லை.

அது அப்பா வாங்கிய வண்டி. செருப்புக் காலோடு பெடலை மிதிக்கக்கூடாது, கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எடைக்குப் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ நன்றாக முன்னால் இழுத்திருந்தார்கள். மச்சினனோ என்னைவிட உயரம். சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். என் மனைவியின் செருப்பு வந்தது.

அதை அவள் முன்னால் போட்டேன்.

"கார் ஓட்டணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கல்யாணமான புதுசுல கேட்டேங்க. சிரிச்சீங்க."