கிளையில் சிக்கிய காய்ந்த புல்

நாங்கள் குடியேறிய நகரத்தின் ஓரத்தில், ரானுயியில், வாங்குவதற்காகப் பார்க்கப் போன வீட்டுக்குப் பின்னால் ஒரு சிற்றோடை சலசலத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதுமே மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது. ஒன்பது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறவள். குசினிக்குள் நுழைந்ததும் அலுமாரியின் எந்தத் தட்டில் எந்தத் தூள் போத்தல் என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டாள். நான் ஓடைக்கரையில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஓமானில் தொற்றிய பழக்கம். அங்கே மலைகளுக்கு நடுவே வறண்ட பள்ளத்தாக்குகளில் ரோடு போடுவதற்காக நிலம் அளந்து திரிந்தேன். நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் பக்கம் ஆறே கிடையாது. மழை தலைக்கு மேலே பெய்யும், கிணற்றுக்குள் இறங்கும், அவ்வளவுதான் கதை. அதனால் ஒருநாள் மத்தியானம், காய்ந்து கிடந்த மணல் படுகையில், ஒரு வேலமரத்து நிழலில் பாயை விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

எங்கள் பிக்கப் வண்டியை ஓட்டியவர் ராமநாதபுரத்துக்காரர். அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"சார், மேல பாருங்க. கிளையில காஞ்ச புல்லு சிக்கியிருக்கு. அது எப்படி அங்க ஏறுச்சு?"

"காத்துக் கொண்டந்திருக்கும். நீர் இருந்து சாப்பிடும் ஐசே."

அவர் இருக்கவில்லை. சோற்றுப் பார்சலையும் என்னையும் இழுக்காத குறையாக மேட்டில் ஏற்றினார். அவரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். கை கழுவுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒரு மலையில் பெய்த மழை, நாங்கள் இருந்த மரத்தைப் பாதிக்கு மூடிக்கொண்டு ஓடியது. பாயும் போய்விட்டது. அவர் அப்போதுதான் தன் பார்சலைப் பிரித்தார்.

ரானுயி ஓடைக்கரை மரமொன்றில், நான் கையை உயர்த்தித் தொடும் உயரத்தில், புல்லும் ஒரு பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கிடந்தன. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் குசினி அலுமாரியே மிதக்கும். காற்றுக் கொண்டுவந்திருக்கும் என்றார் வீட்டு ஏஜென்ட்.

மனைவியிடம் ஓமான் கதையைச் சொல்லி, இந்த வீடு வேண்டாம் என்றேன்.

"உங்கட பாலைவனத்தை என்ர வீட்டுக்குள்ளயும் கொண்டு வராதேங்கோ."

'என்ர வீடு' என்று அவள் சொன்னது எனக்குச் சுட்டது. ஆனாலும் நான் கையெழுத்து வைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் என்னோடு அளந்துதான் கதைத்தாள்.

போன சனிக்கிழமை நகரத்தின் இன்னொரு பக்கம், லின்ஃபீல்டில், வேறொரு வீடு பார்க்கப் போனோம். குசினி பெரிது, நல்ல வெளிச்சம். காட்டுவோம் என்று திரும்பினால் அவளைக் காணவில்லை. தேடிப் போனேன். பின்வளவில், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க ஒண்டும் சிக்கேல்லை," என்றாள். "வாங்கோ, இனிக் குசினியைப் பாப்பம்."