அம்மா கிழித்த கடைசி அத்தியாயம்

ஓரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வடைப் பொட்டலத்தைப் பிரித்தாள். எண்ணெய் ஊறிய காகித வாசனை என்னைப் பிள்ளைப்பாக்கத்து அம்மா வீட்டு அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போனது.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கத்தரித்து, கோணி ஊசியால் தைத்து நாவலாக்குவாள் அம்மா. பிடிக்காத அத்தியாயம் மட்டும் வடைக்கு அடியில் எண்ணெய் உறிஞ்சப் போய்விடும். "வாரக் கணக்கா நிலாவையே வர்ணிச்சிகினு கீறான், கதை எங்க?" என்பாள். இந்தக் காலத்து நாவல்களில் பாதி அவள் வடைக்குத்தான் போயிருக்கும்.

அப்படித் தைத்த ஒரு நாவலில், அடித்த புருஷனை விட்டுவிட்டு நாயகி ரயிலேறுவாள். அதோடு கதை முடியும். அந்த முடிவு என்றால் எனக்கு உயிர்.

அதே நாவலின் முழுப் பதிப்பு இப்போது என் மடியில். ஊரே காவியம் என்கிறது. ரயிலேறியவளோ அடுத்து வரும் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்து அவன் காலிலேயே விழுகிறாள்! எரிச்சல் தாங்காமல் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"புருஷன விட்டுட்டு ரயிலேறுவாளே, அந்தக் கதைல கடைசி அத்தியாயத்த ஏம்மா கிழிச்ச?"

"அதெல்லாம் ஒரு முடிவாடி? நீ படிப்பியேன்னுதான் கிழிச்சேன்."

பக்கத்து சீட்டுக்காரி கை துடைக்கக் காகிதம் தேடினாள். கடைசி அத்தியாயத்தை நான் கிழித்துக் கொடுத்தேன்.