மஞ்சள் பூசிய உத்தரம்

திண்டிவனத்தில் எங்கள் குடிசை ஏரிக்கரையில் இருந்தது. மழை பிடித்தால் தரையிலேயே தண்ணீர் ஊறும். சின்னவளுக்கு இளைப்பு. ஈரத்தில் படுத்தால் விடிய விடிய நெஞ்சு விசில் அடிக்கும். வீட்டுக்காரர் விழுப்புரத்தில் மூட்டை தூக்கிவிட்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார்.

எண்பதுகளில் விழுப்புரத்துச் சங்கம் ஒன்று எங்கள் ஊர்ப் பழைய தெருவில் பாழாய்க் கிடந்த ஓட்டு வீடுகளைப் பழுது பார்த்துக் குடிசைக்காரர்களுக்குக் கொடுக்க வந்தது. சொந்தக்காரர்கள் மெட்ராஸ் போனவர்கள், சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குடிவரப்போகும் குடும்பத்தில் ஒருவர் அந்தக் கட்டட வேலையில் சேர வேண்டும் என்பது சட்டம். எனக்கென்று ஒதுக்கிய வீட்டிலேயே நான் சித்தாளாகக் கலவை சுமந்தேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கூரையைத் தாங்கும் உத்தரம் கெட்டிருந்தால் அந்த வீட்டை இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதே தெருவில் இரண்டு வீடு அப்படிப் போய், காத்திருந்தவர்கள் திரும்ப ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள்.

எங்கள் உத்தரத்தை மேஸ்திரி முதல் நாளே நடுவில் தட்டிப் பார்த்து, கெட்டி என்று சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமை நான் ஏணியில் நின்று சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டும்போது, உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் என் விரல் உள்ளே போய்விட்டது. மரம் மாவாகக் கொட்டியது. கரையான்.

மேஸ்திரி வாசலில்தான் இருந்தார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாவை முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டேன். ஈரச் சுண்ணாம்பை ஓட்டையில் அடைத்தேன்.

மறுநாள் ஓடு ஏற்றுவதற்கு முன் உத்தரத்துக்குப் பூசை. குடிவரும் பெண்தான் மஞ்சள் பூச வேண்டும். பூசை ஆன மரத்தை அதன்பிறகு யாரும் உளியால் குத்திப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் தடிமனாகப் பூசினேன். பூசின உடனே அந்த இடம் மட்டும் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிட்டது. சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் சிவக்கும் என்பது எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? எனக்கு அப்போது மறந்துபோயிற்று. ஒரு கை குங்குமத்தை அள்ளி அதன்மேல் அப்பினேன்.

கீழே நின்ற இன்னொரு சித்தாள் சிரித்தாள். "இன்னாம்மே, உத்தரத்துக்கு இவ்ளோ பெரிய பொட்டு? கல்யாணமா பண்ணிவெக்கப் போற?"

சனிக்கிழமை மேஸ்திரி கூரைமேல் உட்கார்ந்து ஓடு பரப்பினார். நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரிசை ஆனதும் என் கையில் சிவப்புத் தூள் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குங்குமத்தில் கீறல் விட்டிருந்தது.

"ஓட்டக் குடும்மே, ஜல்தி! வாயிலதான் கொழுக்கட்டன்னா கையிலயுமா?"

கொடுத்தேன். இன்னும் தூள். சங்கத்துச் செயலாளர் அம்மா நோட்டோடு வாசலில் நின்றார். சின்னவளின் நெஞ்சு விசில்தான் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மேஸ்திரி குந்தியபடியே அந்த மூலைப் பக்கம் நகர்ந்தார். மரம் முனகியது.

"எறங்கு மேஸ்திரி! எறங்கு, எறங்கு!"

அதுவரை அவரை நான் நீ, வா என்று பேசியதில்லை. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் ஏணியில் கால் வைத்து இறங்குவதற்கும், உத்தரம் ஒரு சாண் தொய்ந்து ஓடெல்லாம் சரிந்து நொறுங்குவதற்கும் சரியாக இருந்தது.

கடப்பாரையால் குத்தினார். உள்ளே போய்விட்டது. சிவந்த சுண்ணாம்பை விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"நீ வெச்சதா?"

தலையாட்டினேன்.

"தெரிஞ்சிக்கினேதான் என்ன மேல ஏத்துனியா?"

அந்த அம்மா கிட்டே வந்து, "என்ன மேஸ்திரி?" என்றார். நான்தான் சொன்னேன். "எனக்கு வியாழக்கிழமையே தெரியும்ங்க."

செயலாளர் அம்மா நோட்டைத் திறந்து பேனா எடுத்தார்.

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பூச போட்ட வீடுங்கம்மா. இடிக்கச் சொன்னா நான் இடிக்க மாட்டேன். செத்த மரத்த அறுத்துட்டு ஒரு தூணு குடுத்தா நிக்கும்."

அந்த அம்மா எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

தூண் எழும்பிய மூன்று நாளும் மேஸ்திரிக்கு நான்தான் கையாள். செங்கல் வேண்டுமென்றால் கையை மட்டும் நீட்டுவார். நான் வைப்பேன்.

சுவரிலிருந்து ஒரு கை தள்ளி அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. கட்டில் போட இடைஞ்சல். வருகிறவர்கள் தோளை இடித்துக்கொண்டு, எவன் கட்டினான் இதை என்று திட்டுவார்கள்.